செய்தி போய்ச் சேர்ந்ததா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்களுடையது துணுக்காய் வலயத்தில் உள்ள ஒரு சிறிய பாடசாலை. கொரோனாக் காலத்தில் தொடங்கிய வட்ஸ்அப் குழுக்கள் இன்றும் வகுப்புக்கு ஒன்றாக இயங்குகின்றன. ஆசிரியர்கள் குறிப்புகளைத் தவறாமல் அனுப்புகிறார்கள். ஆனாலும் தவணைப் பரீட்சைப் புள்ளிகளில் முன்னேற்றம் இல்லை. அதிபராகிய நான் எதைக் கவனிக்க வேண்டும்?
– அதிபர் ஒருவர், துணுக்காய்

பதில்: உங்கள் கேள்வியை வாசித்ததும் எனக்கு ஒரு கொப்பிதான் நினைவுக்கு வந்தது. 2020 மார்ச்சில் மூடப்பட்ட பாடசாலைகள் மீண்டும் திறந்த நாள்களில், கிளிநொச்சி மாவட்டத்தின் குளத்தடிக் கிராமமொன்றில், எட்டாம் தரப் பிள்ளை ஒருத்தியின் விஞ்ஞானக் கொப்பியைப் புரட்டிப் பார்த்தேன். எழுத்து முத்து முத்தாக இருந்தது. ஆனால் பல பக்கங்களின் அடியில் இரண்டு வரிகள் வெறுமையாக விடப்பட்டிருந்தன. ஏன் என்று கேட்டேன். "மிஸ் படம் எடுக்கேக்க பெருவிரல் மறைச்சிட்டுது. பிறகு கேட்டு எழுதுவம் எண்டு இடம் விட்டனான்" என்றாள். கேட்கும் சந்தர்ப்பம் அவளுக்கு வரவேயில்லை. வீட்டில் இருந்த ஒரே போன் தகப்பனுடையது. அவர் அதைக் காலையில் வயலுக்குக் கொண்டுபோய், இருட்டிய பின்பே திரும்புவார். கண்ணாடி வெடித்த அந்தத் திரையில், சாதாரண தரம் எழுதவிருந்த தமையன் தன் குறிப்புகளைப் பார்த்து எழுதி முடித்த பின்புதான் இவளுடைய முறை வரும்.

அந்த ஆசிரியை இரவிரவாகக் கண்விழித்துக் குறிப்பெழுதிப் படமெடுத்து அனுப்பியவர். அவரை ஒரு சொல் குறை சொல்ல எனக்கு மனம் வராது. படங்களின் கீழே நீலச் சரிகள் விழுந்திருந்தன, ஆகவே பிள்ளைக்குப் பாடம் போய்விட்டது என்று அவர் நம்பினார். சரி விழுந்தது தகப்பனின் போனில். அங்கிருந்து பிள்ளையின் கொப்பிக்கும், கொப்பியிலிருந்து அவளுடைய விளக்கத்துக்கும் இருந்த தூரத்தை யாரும் பார்க்கவில்லை.

உங்கள் பாடசாலையிலும் அந்தத் தூரத்தைத்தான் முதலில் அளந்து பார்க்கச் சொல்வேன். வாரத்தில் ஒரு நாள், வகுப்புக்கு ஐந்து கொப்பிகளை உங்கள் மேசைக்கு எடுப்பித்து, பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு புரட்டிப் பாருங்கள். குழுவில் வந்த குறிப்பு எங்கே அறுந்தது என்று அந்தப் பிள்ளையே சொல்லிவிடும். எந்த வீட்டில் போன் இல்லை, எந்த வீட்டில் மூன்று பிள்ளைகளுக்கு ஒரு போன், எந்த ஒழுங்கையில் சிக்னல் கிடைக்காது என்ற விபரம் வகுப்பாசிரியரின் கையில் எழுத்தில் இருக்க வேண்டும். ஆசிரியர்களிடம் அனுப்புவதைக் குறைக்கச் சொல்லுங்கள். பத்துப் பக்கப் படங்களைவிட, மூன்று நிமிடக் குரல் பதிவில் ஒரு விளக்கமும், மறுநாள் வகுப்பில் பிள்ளை விடை சொல்ல வேண்டிய ஒரு கேள்வியும் மேலானவை. காணொளியோடு ஒப்பிட்டால் குரல் பதிவுக்கு டேட்டாவும் மிகக் குறைவாகவே செலவாகும். 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டால் பாடசாலைகள் மறுபடி மூடப்பட்டபோது நீண்ட மின்வெட்டும் சேர்ந்தே வந்ததை மறந்துவிடாதீர்கள். போனில் அனுப்பும் முக்கியமான தாள் ஒவ்வொன்றிலும் ஒரு பிரதி சனசமூக நிலையத்தில் இருக்கட்டும்.

கேள்வி: எங்கள் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் இளைஞர்கள், இனிக் கூட்டம் கூடத் தேவையில்லை, எல்லா முடிவையும் வட்ஸ்அப் குழுவிலேயே எடுக்கலாம் என்கிறார்கள். மூத்தவர்கள் கோபப்படுகிறார்கள். செயலாளராகிய நான் யார் பக்கம் நிற்பது?
– ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு வாசகர்

பதில்: அறிவித்தலில் இளைஞர் பக்கம், முடிவெடுப்பதில் மூத்தவர் பக்கம் நில்லுங்கள். கூட்டத் திகதி, நிகழ்ச்சி நிரல், கணக்கறிக்கை ஆகியவை முன்கூட்டியே போனில் வந்துவிட்டால் கூட்டத்தில் வீண்பேச்சுக் குறையும். ஆனால் இரவு பத்து மணிக்குக் குழுவில் ஒரு கேள்வியைப் போட்டு, எட்டுப் பேர் கைவிரல் உயர்த்திய படத்தை அனுப்பியதும் "ஏகமனதாக நிறைவேறியது" என்று எழுதினால், போன் இல்லாத அங்கத்தவரும், எழுதக் கூச்சப்படும் பெண் தலைமைத்துவக் குடும்பத்தவரும் சங்கத்திலிருந்து சத்தமில்லாமல் வெளியேற்றப்படுகிறார்கள். மரத்தடியில் கூடும்போது, பின்வரிசையில் பேசாமல் இருப்பவரின் முகம் தலைவருக்குத் தெரியும். குழுவில் பேசாதவர் இருப்பதே தெரியாது.

தொண்ணூறுகளில் வன்னியில் மின்சாரம் இல்லாத காலத்தை உங்கள் மூத்தவர்கள் இளைஞருக்குச் சொல்லலாம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் கையால் மிதியைச் சுற்ற, டைனமோவில் வந்த மின்சாரத்தில் வானொலியை இயக்கித்தான் அன்று செய்தி கேட்டோம். பத்துப் பேர் சூழ்ந்திருந்து கேட்பார்கள். வராதவருக்கு வீதியில் கண்டு சொல்வார்கள். கருவி மிக எளியது, ஆனால் கேட்காதவர் யார் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அந்தக் கணக்கை இன்றைய செயலாளரும் வைத்திருக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

உங்கள் குழுவில் நிர்வாகிகள் மட்டும் எழுதலாம் என்று பூட்டி வைத்திருந்தால், அறிவித்தல் தவிர்ந்த நாள்களில் அதைத் திறந்து விடுங்கள். பதில் சொல்ல முடியாத குழு ஒலிபெருக்கிதான். பலமுறை பகிரப்பட்டது என்ற அடையாளத்துடன் வரும் செய்தியைப் பொறுப்பில் இருப்பவர் விசாரிக்காமல் மற்றவர்களுக்கு அனுப்பிவிடக் கூடாது. 2018 டிசம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களை வெள்ளம் மூடியதை நாங்கள் கண்டவர்கள். அப்படியான இரவில் குளம் உடைத்துவிட்டது என்று ஒருவர் தட்டிவிடும் ஒரு வரி, வயோதிபரையும் கைக்குழந்தைகளையும் இருட்டில் ஓட வைக்கும். நீர்ப்பாசனத் திணைக்களத்திடமோ கிராம அலுவலரிடமோ கேட்டுவிட்டு, யாரிடம் எத்தனை மணிக்குக் கேட்டது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

இளைஞரின் போன் உண்மையாகவே உதவும் இடம் வேறொன்று உண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, உங்கள் வீதிக்கு ஒதுக்கிய பணம் எப்படிச் செலவானது என்று குடிமகன் எவரும் எழுதிக் கேட்கலாம். தகவல் அலுவலர் 14 வேலை நாள்களுக்குள் முடிவைத் தெரிவிக்க வேண்டும். விண்ணப்பத்தையும், அது கிடைத்ததற்கான எழுத்துச் சான்றையும், வந்த பதிலையும் படமெடுத்துக் குழுவில் போடும் பொறுப்பை ஓர் இளைஞரிடம் கொடுங்கள். பொதுவேலையை அவர் அதில் பழகிக்கொள்வார்.

கேள்வி: எங்கள் பாடசாலையில் உயர்தரப் பௌதிகவியலுக்கு ஆசிரியர் இல்லை. யூடியூப்பைப் பார்த்தே படிக்கிறேன். இது போதுமா?
– மாணவர், புதுக்குடியிருப்பு

பதில்: தம்பி, ஆசிரியர் இல்லாத இடத்தில் நீங்களே தேடிப் படிப்பதை மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் ஒரு விடயத்தில் மிகுந்த கவனம் வேண்டும். தமிழில் கிடைக்கும் காணொளிகளில் பெரும்பங்கு தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்துக்கு உரியவை. அங்கே 'வேகம்' என்று சொல்வது நமது 'கதி'. நாம் 'வேகம்' என்று எழுதுவதை அவர்கள் 'திசைவேகம்' என்பார்கள். நமது 'ஆர்முடுகல்' அங்கே 'முடுக்கம்'. இரசாயனவியலில் நமது ஒட்சிசன் அவர்களுக்கு ஆக்சிஜன். ஆர்முடுகலைத் தெரியாத சொல் என்றாவது உணர்ந்துகொள்வீர்கள். வேகமோ இரு இடத்திலும் ஒரே சொல்லாக இருந்து வேறு கருத்தைத் தருவதால், திசை சேர்ந்ததா இல்லையா என்பதில் பரீட்சை மண்டபத்திலேயே தடுமாற வைக்கும். கொப்பியின் கடைசிப் பக்கத்தை இரண்டாகப் பிரித்து, காணொளியில் கேட்ட சொல்லை ஒரு பக்கமும் நம் பாடநூற் சொல்லை மறுபக்கமும் எழுதி வாருங்கள்.

கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் நம் பாடத்திட்டத்துக்குரிய பாடங்கள் உள்ளன, அங்கிருந்து தொடங்குங்கள். 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளத்தில் ஈழத்துத் தமிழ் நூல்களும் சஞ்சிகைகளும் இலவசமாக வாசிக்கக் கிடைக்கின்றன. காணொளியை அரைமணி நேரம் பார்த்தால், போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஒரு மணி நேரம் கடந்தகால வினாத்தாளைக் கையால் செய்யுங்கள். செய்த கணக்கைத் திருத்த ஒருவர் கட்டாயம் தேவை. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய பீடங்கள் இயங்குகின்றன. 2021 ஓகஸ்டில் வவுனியா வளாகமும் தனிப் பல்கலைக்கழகமானது. உங்கள் ஊரிலிருந்து அங்கே போய்ப் படிக்கும் அண்ணா, அக்கா ஒருவரை அதிபர் மூலம் தேடிப் பிடித்து, வாரம் ஒரு முறை உங்கள் விடையைப் படமெடுத்து அனுப்பித் திருத்தம் கேளுங்கள்.

கேள்வி: வெளிநாட்டு உறவு ஒருவரின் உதவியில் என் மகளுக்கு ஒரு சைக்கிள் கிடைத்தது. கொடுக்கும்போது எடுத்த காணொளியில் எங்கள் வீட்டையும், அவள் தகப்பன் இல்லாத பிள்ளை என்பதையும் சொல்லி இணையத்தில் போட்டுவிட்டார்கள். வகுப்பில் பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டார்கள். இப்போது சைக்கிளைத் தொடவே மறுக்கிறாள்.
– தாய் ஒருவர், கண்டாவளை

பதில்: அம்மா, உங்கள் மகளின் கோபம் நியாயமானது. சைக்கிளை ஓடச் சொல்லி அவளை வற்புறுத்த வேண்டாம். அந்தக் காணொளியை நீக்கும்படி போட்டவரிடம் நீங்கள் கேட்கலாம். அதிபரோ கிராம அலுவலரோ உங்களோடு சேர்ந்து கேட்டால் இன்னும் நல்லது. உதவி வாங்கியதால் அந்த உரிமை உங்களுக்கு இல்லாமற் போகவில்லை.

கொடுத்தவருக்குத் தன் பணம் சரியான கையில் சேர்ந்ததா என்று அறியும் உரிமை உண்டு. இடைத்தரகர் ஏமாற்றிய கதைகள் இருப்பதால் அவர் சான்று கேட்பதை நான் பிழையென்று சொல்லமாட்டேன். ஆனால் கடைப் பற்றுச்சீட்டு, சைக்கிளின் இலக்கம், அதிபரின் ஒப்பமிட்ட கடிதம் ஆகிய மூன்றும் அந்தச் சான்றுக்குப் போதும். பிள்ளையின் முகமும் வீட்டின் ஓலைக்கூரையும் தேவையில்லை. பாடசாலை மூலம் உதவி வழங்கப்படும்போது ஒளிப்படக் கருவியை வாசலிலேயே நிறுத்தும் துணிவு அதிபருக்கு வேண்டும். உதவி நின்றுவிடுமோ என்ற பயம் எனக்கும் விளங்குகிறது. உண்மையான அக்கறையோடு கொடுப்பவர்களிடம் காரணத்தைச் சொன்னால் விளங்கிக்கொள்வார்கள் என்றே நம்புகிறேன்.

உங்கள் உறவினருக்கு நீங்களே ஒரு கடிதம் எழுதுங்கள். சைக்கிள் கிடைத்தது, நன்றி, காணொளியால் பிள்ளை இப்படி வருந்துகிறாள் என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். அனுப்புவதற்கு முன் மகளிடம் வாசிக்கக் கொடுத்து, அவள் வெட்டச் சொல்லும் வரியை வெட்டிவிடுங்கள்.