எக்செலுக்கு குயிட் கொடுத்த பிறகும் அது டாஸ்க் மேனேஜரில் ஓடிக்கொண்டே இருக்கிறதே, என்ன செய்வது?

சி ஷார்ப் ப்ரோகிராமிலிருந்து எக்செலை இயக்கி ஃபைலைத் திறந்து எழுதி, கடைசியில் அதை மூடச் சொல்லும் குயிட்டும் கொடுத்துவிட்டீர்கள், ஆனாலும் எக்செல் போகவில்லை. இதைக் கேட்டால் யாராவது ஒருவர் ‘எக்செல் என்ற பெயரில் ஓடும் எல்லாவற்றையும் கில் பண்ணிவிடு’ என்று சொல்வார். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். நான் செய்தேன், அதனால்தான் இந்தப் பதில்.

கால் மணி நேரத்துக்கு ஒருமுறை ரிப்போர்ட் தயாரிக்கும் ஒரு சர்வீஸ் (பின்னணியில் நிற்காமல் ஓடும் ப்ரோகிராம்) எழுதியிருந்தேன். என் கணினியில் சோதித்தபோது ஒரு குறையும் இல்லை, ஏனென்றால் ப்ரோகிராம் முடிந்ததும் அது பிடித்து வைத்திருந்ததெல்லாம் தானாக விடுபட்டு எக்செலும் போய்விடும். சர்வீஸ் முடிவதே இல்லையே. இரண்டே நாளில் சர்வரில் நூற்றைம்பதுக்கும் மேல் எக்செல், திரையில் ஒன்றுகூடத் தெரியாது, மெமரி மட்டும் தீர்ந்துபோனது. பதற்றத்தில் பெயரை வைத்துக் கில் செய்யும் நாலு வரியைச் சேர்த்தேன். அதே சர்வரில் ரிமோட்டில் நுழைந்து கணக்குப் பிரிவு மேடம் ஒருவர் காலையிலிருந்து ஒரு ஷீட்டில் பதிந்துகொண்டிருந்தார், சேவ் செய்யாத மூன்று மணி நேர வேலை ஒரு நொடியில் போனது. அவர் என்னைத் திட்டவில்லை. மறுபடி முதலிலிருந்து உட்கார்ந்து அடித்தார். அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

சரி, காரணத்துக்கு வருகிறேன். எக்செல் தனி ப்ராசஸ், அதன் பொருள்களை நம் கோட் காம் (ஒரு ப்ரோகிராம் இன்னொன்றின் பொருள்களைப் பயன்படுத்த விண்டோஸ் தரும் வழி) மூலம் பிடித்துக்கொள்கிறது. ஒரே ஒரு ரெஃபரன்ஸ், அதாவது ஒரே ஒரு பிடி, மிச்சமிருந்தாலும் குயிட் சொன்ன பிறகும் அது காத்திருக்கும். சி ஷார்ப் ஓடும் தளமான டாட்நெட் ஒவ்வொரு காம் பொருளையும் ஆர்சிடபிள்யூ என்ற உறைக்குள் வைத்துத் தருகிறது, சிக்கல் அங்கேதான். ஆப்.ஒர்க்புக்ஸ்.ஓபன் என்று ஒரே வரியில் எழுதினால் நடுவில் நிற்கும் ஒர்க்புக்ஸுக்கும் ஓர் உறை உருவாகிறது. அதற்கு நீங்கள் பெயர் வைக்கவில்லை, பிறகு எதைப் பிடித்து விடுவிப்பீர்கள்? ரேஞ்ச்.ஃபான்ட்.போல்ட் என்றாலும் அப்படித்தான், ஷீட்டுகள் மேல் ஃபார்ஈச் ஓட்டினால் ஒவ்வொன்றாக எடுத்துத் தரும் கண்ணுக்குத் தெரியாத என்யூமரேட்டர் ஒன்று கூடுதல். முதலில் நானும் ஓர் உறையைக் கையால் விடுவிக்கும் மார்ஷல்.ரிலீஸ்காம்ஆப்ஜெக்டை வரிக்கு வரி தூவிப் பார்த்தேன், முப்பது இடத்தில் போட்டு ஒரு இடத்தில் மறந்தாலும் அத்தனையும் வீண்.

எனக்குப் பலித்தது இது. எக்செலைத் தொடும் கோட் முழுவதையும் தனி மெத்தடில் வையுங்கள், அதற்குள் ட்ரை, ஃபைனலி, ஃபைனலியில் ஒர்க்புக்கை க்ளோஸ் செய்து ஆப்பை குயிட் செய்யுங்கள் (பிழை வந்தாலும் ஃபைனலி ஓடும்; அது இல்லாவிட்டால் நடுவில் எக்ஸெப்ஷன் வந்ததும் குயிட் வரைக்கும் போகவே போகாது, என் நூற்றைம்பதில் பாதி அப்படி வந்தவை). அந்த மெத்தட் திரும்பி வந்த பிறகு, அதை அழைத்த இடத்தில் ஜிசி.கலெக்ட், அடுத்து ஜிசி.வெயிட்ஃபார்பெண்டிங்ஃபைனலைசர்ஸ், இந்த ஜோடியை இரண்டு முறை. ஜிசி என்பது யாரும் பிடித்திராத பொருள்களைத் துப்புரவு செய்யும் டாட்நெட்டின் பகுதி; முதல் வரி அதை உடனே ஓட்டும், இரண்டாவது அந்த வேலை முடியும்வரை காத்திருக்கும், பெயரில்லாத உறைகளும் அதில் விடுபடும். எல்லாவற்றையும் ஒரே மெத்தடில் போட்டால் பிழை தேடும்போது ஓட்டும் டீபக் பில்டில் பலிக்காது, மெத்தட் முடியும்வரை லோக்கல் வேரியபிள்கள் உயிரோடு இருக்கும். மெத்தடுக்கு நோஇன்லைனிங் (அழைத்த இடத்தோடு அதைக் கம்பைலர் கலந்துவிடாமல் தடுக்கும் குறிப்பு) போட்டுவிடுவது நல்லது. டிஸ்ப்ளேஅலர்ட்ஸை ஃபால்ஸ் ஆக்க மறக்காதீர்கள், இல்லையென்றால் ‘சேவ் செய்யவா?’ என்று யாருக்கும் தெரியாத ஒரு பெட்டி பதிலுக்காக நின்றுகொண்டிருக்கும்.

ஜிசி.கலெக்டைக் கையால் அழைக்கக் கூடாது என்று உடனே சிலர் வருவார்கள். பொதுவாகச் சரிதான், நானும் வேறெங்கும் அழைப்பதில்லை. ஆனால் ஜிசி பார்ப்பது டாட்நெட் பக்கத்து மெமரியை மட்டும். உறை சின்னது, அதன் பின்னால் நிற்கும் எக்செல் எத்தனை நூறு எம்பி தின்றாலும் ஜிசிக்குத் தெரியாது, அதனால் அவசரப்படாது. கில் செய்தே ஆக வேண்டிய கட்டம் வந்தால் ஆப்பின் எச்டபிள்யுஎன்டியை (அதன் ஜன்னலின் எண்) வைத்து கெட்விண்டோத்ரெட்ப்ராசஸ்ஐடி என்ற விண்டோஸ் ஃபங்ஷன் மூலம் நீங்கள் திறந்த அந்த ஒன்றை மட்டும் கண்டுபிடித்து நிறுத்துங்கள்.

இதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரம் ஆனது. அந்த ஆண்டு மதிப்பீட்டில் இது ஒரு வரியாகக்கூட வரவில்லை, ஸ்க்ரீனில் ஒரு பட்டனை இடம் மாற்றியவருக்குப் பாராட்டுக் கடிதம். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் எதுவும் உடையாமல் பார்த்துக்கொள்கிற வேலையை எந்த மேலாளர் கணக்கில் எடுக்கிறார் சொல்லுங்கள். அதன்பின் இரண்டு முறை இரவு பன்னிரண்டு மணிக்கு அழைத்தபோது மட்டும் என் பெயர் அவர்களுக்கு ஞாபகம் வந்தது.

இன்னொன்று. ஆள் இல்லாத சர்வரில் ஆஃபீஸை இப்படி ஓட்டுவதை மைக்ரோசாஃப்டே பரிந்துரைப்பதில்லை. செல்லில் எழுதி சேவ் செய்வது மட்டும்தான் வேலை என்றால் ஓபன்எக்ஸ்எம்எல் எஸ்டிகே அல்லது க்ளோஸ்டுஎக்ஸ்எம்எல் என்ற லைப்ரரி போதும், எக்செலே வேண்டாம். எங்கள் ரிப்போர்ட்டில் மேக்ரோ ஓட வேண்டியிருந்தது, அதனால் எனக்கு அந்த வழி இல்லை.