கல்லீரல் புற்றுநோய்: ஆபத்தை முன்கூட்டியே கணிக்கலாமா?

கேள்வி: ஹெபடைடிஸ் பி-க்காக டெனோஃபோவிர் சாப்பிடுகிறேன். மாத்திரை தொடங்கியபோது வயது 44, பிளேட்லெட் 1,60,000. இப்போது ரத்தத்தில் வைரஸே தெரியவில்லை. இனிமேல் புற்றுநோய் பயம் இல்லைதானே? — வாசகர், திண்டுக்கல்

பதில்: பயம் குறைந்திருக்கிறது, ஆனால் போய்விடவில்லை. இந்த வைரஸின் மரபணுத் துண்டுகள் கல்லீரல் செல்களின் மரபணுவுக்குள்ளேயே புகுந்துவிடும். அவற்றை மாத்திரை வெளியேற்றாது. உங்களைப் போல மாத்திரை எடுப்பவர்களுக்கென்றே 'பேஜ்-பி' என்று ஒரு மதிப்பெண் முறை இருக்கிறது. வயது, பாலினம், பிளேட்லெட் மூன்றும் போதும். தனியாகச் செலவு கிடையாது.

30 வயதுக்குள் இருந்தால் 0. அதன்பின் ஒவ்வொரு பத்து வயதுக்கும் 2 கூடி, 70-ஐத் தொட்டால் 10. ஆணுக்கு 6, பெண்ணுக்கு 0. பிளேட்லெட் 2 லட்சமும் அதற்கு மேலும் என்றால் 0, 1 முதல் 2 லட்சத்துக்குள் 6, 1 லட்சத்துக்குக் கீழே 9. உங்களுக்கு 4+6+6, மொத்தம் 16.

9 வரை உள்ளவர்களுக்கு அடுத்த 5 ஆண்டுகளில் இந்தப் புற்றுநோய் வருவது மிக அரிது. 10 முதல் 17 வரை என்றால் 100 பேரில் 3, 4 பேருக்கு வரலாம். 18-ஓ அதற்கு மேலோ என்றால் அது ஏறக்குறைய 17 பேர். நீங்கள் நடுவில் இருக்கிறீர்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் அவசியம். ரத்த உறவில் யாருக்காவது கல்லீரல் புற்றுநோய் வந்திருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள், இந்தக் கணக்கில் அது சேராது. சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறி இறுகிப்போவது) இருப்பவர்கள் மதிப்பெண் குறைவு என்பதற்காக ஸ்கேனை விட்டுவிடக் கூடாது.

கேள்வி: மனைவிக்கு 52 வயது, சர்க்கரை நோய் உண்டு. ஸ்கேனில் 'ஃபேட்டி லிவர் கிரேடு 2'. கல்லீரல் என்சைம்கள் எஸ்.ஜி.ஓ.டி. 68, எஸ்.ஜி.பி.டி. 49, பிளேட்லெட் 1,30,000. கவலைப்பட வேண்டுமா? — வாசகர், சேலம்

பதில்: கிரேடு காட்டுவது கொழுப்பின் அளவை. புற்றுநோய் ஆபத்தை ஏற்றுவது கல்லீரலில் விழும் தழும்பு. அதை அறிய 'ஃபிப்-4' கணக்கு: வயதை எஸ்.ஜி.ஓ.டி.யால் பெருக்குங்கள், 3,536. எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலம் 7. அதை பிளேட்லெட்டால் பெருக்கினால் 910. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 3.9. பிளேட்லெட்டை ஆயிரக்கணக்கில், அதாவது 130 என்று போட வேண்டும், பலர் 1.3 என்று போட்டு ஏமாறுகிறார்கள்.

ஃபிப்-4 எண் 1.3-க்குக் கீழே இருந்தால் கடுமையான தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு. 2.67-க்கு மேல் போனால் தாமதிக்காமல் கல்லீரல் நிபுணரைப் பார்த்து ஃபைப்ரோஸ்கேன் (கல்லீரலின் விறைப்பை அளக்கும் ஸ்கேன்) எடுக்க வேண்டும். உங்கள் மனைவி இந்த இடத்தில்தான் இருக்கிறார். அந்த ஸ்கேனுக்கு மூன்று மணி நேரமாவது வெறும் வயிற்றோடு போகச் சொல்லுங்கள். சாப்பிட்டிருந்தால் அளவு கூடிக் காட்டும். சமீபத்தில் டெங்கு வந்து பிளேட்லெட் இறங்கியிருந்தாலோ, மஞ்சள் காமாலையில் என்சைம்கள் எகிறியிருந்தாலோ ஃபிப்-4 கணக்கு தப்பும். 65 வயதைத் தாண்டியவர்களுக்கு வயதினாலேயே எண் ஏறிவிடும்; அவர்களுக்கு 2-க்குக் கீழே இருந்தால் போதும்.

கேள்வி: அப்பாவுக்கு சிரோசிஸ். ஹெபடைடிஸ் சி மாத்திரையில் குணமாகிவிட்டது. வருடத்துக்கு ஒரு ஏ.எஃப்.பி. ரத்தப் பரிசோதனை போதாதா? — வாசகி, நாகர்கோவில்

பதில்: போதாது. வைரஸ் போனாலும் தழும்பு இருக்கும்வரை ஆபத்து இருக்கிறது. ஏ.எஃப்.பி. என்பது கல்லீரல் புற்றுநோயில் ரத்தத்தில் ஏறக்கூடிய ஒரு புரதம்; ஆனால் சிறிய கட்டிகள் பலவற்றில் அது ஏறுவதே இல்லை. கட்டி இரண்டு மடங்காக நான்கைந்து மாதங்களே ஆகலாம். வருடக் கணக்கில் விட்டால் குணப்படுத்தும் கட்டம் கைநழுவிப்போகும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேன், கூடவே ஏ.எஃப்.பி., இரண்டும் வேண்டும்.

ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'கல்லீரல் முழுதாகத் தெரியவில்லை' என்றிருந்தால் அதை நார்மல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. தேவையா என்று கேளுங்கள். 1 செ.மீ.க்குக் குறைவான புள்ளி தெரிந்தால் மூன்று மாதத்தில் மறுபடி ஸ்கேன். 1 செ.மீ.யோ அதற்கு மேலோ இருந்தால், அல்லது ஏ.எஃப்.பி. 20-ஐத் தாண்டினால், மருந்து செலுத்திப் பல கட்டங்களாக எடுக்கும் சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. உடனே வேண்டும். மருந்து செலுத்தாத சாதாரண சி.டி.யில் இந்தக் கட்டி பிடிபடாமல் போகலாம். எழுதிக் கொடுக்கும்போதே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.