கேள்வி நேரம்: எண்ணெய் ஏன் சோப்பாகிறது?

பலகாரம் சுட்ட எண்ணெய் 1 லிட்டர், மெத்தனால் 200 மி.லி., காஸ்டிக் சோடா 3.5 கிராம் சேர்த்து ஆய்வகத்தில் பயோடீசல் செய்தோம். கிளிசரின் பிரியவே இல்லை, கூழாகிவிட்டது. ஏன்?
– மாணவி, திண்டுக்கல்

எண்ணெய் மெத்தனாலோடு வினைபுரிந்து எஸ்டராகவும் (அதுதான் பயோடீசல்) கிளிசரினாகவும் பிரிய வேண்டும். காஸ்டிக் அந்த வினையை ஊக்குவது. 3.5 கிராம் என்பது புது எண்ணெய்க்கான கணக்கு. பலமுறை காய்ந்த எண்ணெயில் கொழுப்பு அமிலம் தனியே பிரிந்து கிடக்கும். போட்ட காஸ்டிக்கை முதலில் அதுதான் பிடித்துக்கொண்டு சோப்பாகும். வினையை ஊக்க மிச்சம் இருக்காது. அந்தச் சோப்பே கிளிசரினையும் பிரியவிடாது.

அடுத்த முறை எண்ணெயை 110 டிகிரியில் சடசடப்பு அடங்கும்வரை காய்ச்சி, ஈரத்தைப் போக்குங்கள். பிறகு அமிலத்தை அளக்க வேண்டும். 1 லிட்டர் வாலைவடிநீரில் 1 கிராம் காஸ்டிக் கரைத்துப் பியூரெட்டில் (அளவு குறித்த, சொட்டுச் சொட்டாக விடும் கண்ணாடிக் குழாய்) ஊற்றுங்கள். குடுவையில் 10 மி.லி. ஐசோபுரோபைல் ஆல்கஹால், 1 மி.லி. எண்ணெய், இரண்டு சொட்டு பினால்ப்தலீன் (காரம் மிஞ்சினால் இளஞ்சிவப்பாகும் நிறங்காட்டி). சொட்டுச் சொட்டாக விட்டு, இளஞ்சிவப்பு 15 விநாடி கலையாமல் நின்றால் நிறுத்துங்கள். 3 மி.லி. செலவானால் 3.5-உடன் 3 கூட்டி, லிட்டருக்கு 6.5 கிராம் போட வேண்டும். 5 மி.லி.யைத் தாண்டினால் காஸ்டிக்கைக் கூட்டிப் பயனில்லை, சோப்புதான் பெருகும். எண்ணெய் எடையில் 1% கந்தக அமிலத்தை மெத்தனாலோடு சேர்த்து 60 டிகிரியில் முதல் வினையை நடத்தி, பிரியும் நீர் கலந்த மெத்தனாலை நீக்கி, மறுபடி அளந்த பிறகே காஸ்டிக். மெத்தனால் 64.7 டிகிரியில் கொதிக்கும். அதன் ஆவி தீப்பற்றும், கண்ணைக் கெடுக்கும். எண்ணெய் 55 டிகிரிக்கு ஆறாமல் தயவுசெய்து ஊற்றாதீர்கள்.

பயோடீசல் செய்ய, காஸ்டிக்குக்குப் பதில் முட்டை ஓட்டைச் சுட்டு வினையூக்கியாக்கினோம். முதல்முறை நன்றாக வேலை செய்தது, மூன்றாம் முறை படுத்துவிட்டது.
– ஆசிரியர், நாமக்கல்

900 டிகிரியில் சுட்ட ஓடு, நம் சுட்ட சுண்ணாம்பேதான். காற்றுப் பட்டால் ஈரத்தை இழுத்து நீர்த்த சுண்ணாம்பாகும், கரியமில வாயு பட்டால் பழையபடி கார்பனேட் ஆகும். உலையிலிருந்து எடுத்ததும் டெசிகேட்டரில் (ஈரம் புகாத மூடிய கண்ணாடிப் பாத்திரம்) மூடிவையுங்கள். கிளிசரினும் துகள்மேல் படிந்து வழியை அடைக்கும். மெத்தனாலில் கழுவி மறுபடி சுட வேண்டும்.

சுண்ணாம்பு கரைந்து போகிறதா என்றும் பாருங்கள். வெறும் மெத்தனாலில் துகளைக் கலக்கி வடிகட்டி, வடிந்ததை மட்டும் புது எண்ணெயில் சேர்த்துச் சூடாக்குங்கள். வினை நடந்தால், ஊக்கியது திடப்பொருள் மட்டுமல்ல, கரைந்த சுண்ணாம்பும்தான்.

விளக்கெண்ணெயிலிருந்து நைலானா?
– வாசகர், சேலம்

ஆம், நைலான் 11. முதல் படி மேலே சொன்ன மெத்தனால் வினையேதான். கிடைக்கும் எஸ்டரை நீராவியோடு 500 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் இரண்டாக உடையும்: ஒரு துண்டில் 7 கார்பன், மற்றதில் 11. நைலான் ஆவது அந்த 11 கார்பன் துண்டு.