ஸ்மார்ட் போர்டும் ரெண்டு டார்ச் பல்பும்

கேள்வி: எக்கா, அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு எய்டட் ஸ்கூல்ல ஏழாம் வகுப்புக்கு சயின்ஸ் எடுக்கேன். 22 வருஷ சர்வீஸ். இப்போ கிளாஸ்ல ஸ்மார்ட் போர்டு மாட்டியாச்சு, தெனமும் ஏதாவது ஆன்லைன் டூல் யூஸ் பண்ணியே ஆகணும்னு ஹெச்.எம். சொல்லுதாங்க. பிள்ளைங்ககிட்ட போன் கெடையாது, நெட்டு நெனச்சா வரும் நெனச்சா போகும். வீடியோ போட்டா அமைதியா பாக்குதுங்க, முடிச்சிட்டு கேள்வி கேட்டா முழிக்குதுங்க. எனக்குத்தான் வயசாயிட்டோன்னு இருக்கு. என்ன செய்ய?

பதில்: வயச விடுங்க டீச்சர், நானும் ரிட்டையர் ஆகுறதுக்கு முந்தி நாலஞ்சு வருஷம் இதே போர்டு கூடத்தான் மல்லுக்கட்டிட்டுக் கெடந்தேன், இத்தனைக்கும் வீட்டுல டிவி ரிமோட்ட பேரன்கிட்ட குடுத்து மாத்தச் சொல்லுத ஆளு நானு.

நீங்க எழுதுனதுல எனக்குப் பட்டது அந்த "அமைதியா பாக்குதுங்க"தான். அந்த அமைதிய நம்பாதீங்க. 2018-லருந்து புக்குல க்யூஆர் கோடு இருக்கு, கல்வித் தொலைக்காட்சி இருக்கு, 2023-ல மணற்கேணி ஆப்பும் வந்துட்டு, காட்டுறதுக்கு இனி பஞ்சமே இல்ல. ஆனா பாத்துட்டு இருக்கப்போ பின்பெஞ்சு பிள்ள மனசுல என்ன ஓடுதுன்னு நமக்குத் தெரியணும்லா, அதுக்கு உதவுற டூல் எதுன்னு மட்டும் தேடுங்க, மத்தத மெதுவா பாத்துக்கிடலாம்.

மொதல்ல நான் பண்ண கூத்தச் சொல்லுதேன். லேப்ல கம்ப்யூட்டர் வந்த புதுசுல கஹூட்னு ஒரு ஆன்லைன் க்விஸ் கேம் போட்டேன். மியூசிக் ஓடும், யாரு சீக்கிரம் அமுக்குதாங்களோ அவங்களுக்கு பாயிண்ட் ஜாஸ்தி. கிளாஸே கொண்டாட்டம், எனக்கு ஒரே பெரும. மூணாவது வாரம் பாக்கேன், ஒரு பிள்ள மவுஸ் மேல கைய வச்சுட்டு சும்மா ஒக்காந்துருக்கா. அவ அம்ம பீடி சுத்துறவங்க, ஆயிரம் பீடிக்கு இவ்வளவு கூலின்னா எழுநூத்தம்பதுக்கு எவ்வளவுன்னு வாயாலயே சொல்லுத பிள்ள அது. ஏம்ட்டி அமுக்கலன்னு கேட்டதுக்கு, "நான் யோசிக்கதுக்குள்ள எல்லாரும் அமுக்கிருதாங்க டீச்சர்"னா. எனக்கு சப்புன்னு அறஞ்ச மாதிரி இருந்துச்சு. டூல் மேல தப்பில்ல, டைமர கூட்டி வச்சுருக்கலாம், பாயிண்ட்ட எடுத்துருக்கலாம், நான்தான் சத்தத்தப் பாத்து படிப்புன்னு நெனச்சுட்டேன்.

அதுக்கப்புறம் கெடச்சதுதான் பிளிக்கர்ஸ்னு ஒரு ஆப். உங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும், ஏன்னா போன் உங்ககிட்ட ஒண்ணு இருந்தா போதும். பிள்ளைங்களுக்கு ஆளுக்கொரு பேப்பர் கார்டு, கறுப்பு வெள்ளையில கட்டம் கட்டமா இருக்கும், ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு நம்பர், நாலு பக்கமும் சின்னதா ஏ, பி, சி, டி. பதில் எதுவோ அந்தப் பக்கத்த மேல பாக்க திருப்பிப் பிடிக்கணும், நீங்க போன் கேமராவ கிளாஸ் பூரா ஒரு சுத்து காட்டுனா யாரு என்ன சொன்னாங்கன்னு வந்துரும். பக்கத்துல இருக்கவன் பாத்து எழுதவும் முடியாது, கட்டமே ஆளுக்கு ஆள் வேற. சத்தம் கெடையாது, தப்பா சொன்ன பிள்ளயப் பாத்து யாரும் சிரிக்கவும் மாட்டாங்க.

மின்சாரப் பாடத்துக்கு ஒண்ணு கேட்டுப் பாருங்க: ஒரே வயர்ல வரிசையா ரெண்டு பல்பு, ரெண்டும் ஒரே மாதிரி, எது நல்லா எரியும்? என் கிளாஸ்ல பாதிக்கு மேல பேட்டரி பக்கத்துல இருக்கதுதான்னு பிடிச்சாங்க. கரண்ட்ட மொத பல்பு குடிச்சிட்டு மிச்சத்ததான் அடுத்ததுக்கு விடுதாம், கன்னடியன் கால்வாயில மேமடை வயலுக்கு பாஞ்சது போக கீழ வார மாதிரி. அழகாத்தான் யோசிச்சிருக்குதுங்க, ஆனா தப்பு, ரெண்டும் ஒரே மாதிரிதான் எரியும். நான் எத்தன வருஷமா இந்தப் பாடம் எடுத்தேன், பிள்ளைங்க இப்படி நெனைக்குதுன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது.

அடுத்து ஃபெட் சிமுலேஷன் போட்டேன், ஸ்கிரீன்லயே சோதன செஞ்சு பாக்குறது. நோபல் வாங்குன கார்ல் வீமன் 2002-ல கொலராடோ யுனிவர்சிட்டில ஆரம்பிச்சது, ஃப்ரீ, தமிழ்லயும் நெறைய இருக்கு. வயர், பல்பு, பேட்டரி எல்லாம் இழுத்து வச்சா எலக்ட்ரான் நகருறது தெரியும், மொத பல்புக்கு முன்னாலயும் ரெண்டாவதுக்குப் பின்னாலயும் ஒரே வேகம். எல்லாரும் ஆங்குச்சுங்க. அதோட விட்டுருக்கலாம், சவம் விதி விடல, நெசத்துலயும் காட்டுவோம்னு டவுன்ல ரெண்டு டார்ச் பல்பு வாங்கிட்டு வந்து மாட்டுனா, பேட்டரி பக்கத்துல இருந்தது பளிச்சுன்னும் மத்தது மங்கலாவும் எரியுது! "பாத்தீங்களா டீச்சர்"னு ஒரே கூச்சல். எனக்கு வேர்த்துட்டு.

அப்பதான் ஒரு பய, "ரெண்டையும் எடம் மாத்திப் பாப்போமா டீச்சர்"னான். மாத்துனோம். நல்லா எரிஞ்ச பல்பு பேட்டரிய விட்டுத் தள்ளிப் போயும் அதே மாதிரி பளிச்சுன்னுதான் எரிஞ்சுது. ரெண்டும் வேற வேற பல்பு, ஒரே கரண்டு போகையில ரெசிஸ்டன்ஸ் ஜாஸ்தி உள்ளது நல்லா எரியுது, எடத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லன்னு அந்த ஒரு மாத்துலயே தெரிஞ்சு போச்சு. திரும்ப கார்டு பிடிக்கச் சொன்னேன், ஒண்ணு ரெண்டு தவிர எல்லாம் சரி. அந்த ஒண்ணு ரெண்டு யாருன்னும் போன்ல பேரு இருக்குல்லா, சாப்பாட்டு மணிக்கு அவங்கள மட்டும் கூப்ட்டு ஒக்காத்தி வச்சு பேசுனேன்.

நெட்டு போறதப் பத்தி: ஃபெட் சிமுலேஷன முன்னாடியே டவுன்லோடு பண்ணி பென்டிரைவ்ல போட்டு வச்சுக்கிடுங்க, நெட்டு இல்லாம ஓடும். ஆடிக் காத்துல கரண்டே போச்சுன்னா அந்த டார்ச் பல்பு இருக்கு. வாட்ஸ்அப்ல ஹோம்வொர்க் மட்டும் வேண்டாம், போனு அப்பன் சட்டப்பையில வேலைக்குப் போயிரும், ராத்திரி ஒம்பதுக்கு வீடு வரும்.

ஹெச்.எம். கிட்ட தெனமும் ஒரு டூல்னு ஒத்துக்கிடாதீங்க. வாரத்துல ரெண்டு நாள், ஒரே கேள்வி, பாடத்துக்கு முன்னால ஒருக்கா பின்னால ஒருக்கா, ரெண்டு ரிசல்ட்டையும் காட்டுதேன்னு சொல்லுங்க, வேண்டாம்னு சொல்ல மாட்டாங்க.

பிளிக்கர்ஸ் கார்டு பிரிண்ட் எடுக்கும்போது கொஞ்சம் தடிச்ச தாள்ல எடுங்க. பளபளன்னு லேமினேட் பண்ணிராதீங்க, நான் 40 கார்டையும் பண்ணிட்டு, ஜன்னல் வெளிச்சம் பட்டு மின்னி போனு ஒண்ணையும் வாசிக்காம, மறுபடி மொதல்லருந்து பிரிண்ட் எடுத்தேன்.