பெற்றோர் ஆசிரியர் சங்கம் இருக்கும்போது தமிழ்ப்பள்ளிக்கு மேலாளர் வாரியம் எதற்கு?

உங்கள் பிள்ளை படிக்கும் தமிழ்ப்பள்ளியின் மேலாளர் வாரியத்தில் சேருமாறு உங்களை அழைத்திருக்கிறார்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஒன்று நன்றாகவே இயங்கிக்கொண்டிருக்க, இந்த வாரியம் பள்ளிக்கு என்ன உதவி செய்துவிடப் போகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். பரிசளிப்பு விழாவில் முன்வரிசையில் அமர்ந்து மாலை பெற்றுக்கொள்ளும் சிலரைத்தான் இதுவரை நீங்கள் வாரியம் என்று அறிந்திருப்பீர்கள் என ஊகிக்கிறேன். அது உங்கள் குறையன்று. வாரியத்தின் பெரும்பாலான வேலை பெற்றோர் கண்ணில் படாத இடங்களில் நடக்கிறது. மலேசியாவின் பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியில், தென் செபராங் பிறையிலுள்ள ஒரு முன்னாள் தோட்டப் பள்ளியின் வாரியத்தில் பல ஆண்டுகள் செயலாளராக இருந்தவன் நான். பள்ளியின் பெயரைச் சொல்லவில்லை. அங்கே இன்னும் பணியாற்றுபவர்களுக்குச் சங்கடம் நேரக் கூடாது.

முதலில் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் கீழ் பள்ளிக்கென்று ஒரு மேலாண்மை ஆவணம் இருக்க வேண்டும். வாரியம் அந்த ஆவணத்தின்படி அமைவது. முன்னாள் மாணவர்கள், பெற்றோர், பள்ளியை ஆதரிப்பவர்கள், அறங்காவலர்கள் ஆகியோரின் பேராளர்கள் அதில் இடம்பெறுவார்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கமோ 1998ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி இயங்குகிறது. தலைமையாசிரியர் அதன் ஆலோசகர். சங்கத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. கூட்டுப்பணிக்கு ஆள் திரட்டுவதிலும், விளையாட்டுப் போட்டியன்று பந்தல் போடுவதிலும், பிள்ளைகளின் அன்றாடத் தேவையைக் கவனிப்பதிலும் அதற்கு நிகராக எதுவும் கிடையாது. ஆயினும் பிள்ளை ஆறாம் ஆண்டை முடித்துக்கொண்டு இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் பெற்றோரும் உடன் போய்விடுகிறார். தலைமையாசிரியர் அரசு ஊழியர். இன்றில்லாவிட்டால் நாளை மாற்றலாகிச் செல்வார். பள்ளியின் நிலம், கட்டடம், பழைய கோப்புகள் ஆகியவற்றை இருபது, முப்பது ஆண்டுகள் தொடர்ந்து நினைவில் வைத்திருக்க ஒரு தரப்பு வேண்டும் அல்லவா? அந்தத் தரப்பு வாரியம்தான்.

நிலத்தைப் பற்றி நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஏழு முதல் பதினான்கு வயது வரையிலான பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்டத்தில் பள்ளி அமைக்க வேண்டும் என்றது. அப்படித்தான் லயன் வீடுகள் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு அருகே, தோட்ட நிறுவனத்தின் நிலத்தில், நிறுவனம் கொடுத்த பலகையிலும் தகரத்திலும் நம் பள்ளிகளில் பெரும்பாலானவை எழுந்தன. பள்ளி நம்முடையது, நிலம் அவர்களுடையது என்ற நிலை நாடு விடுதலை பெற்ற பிறகும் மாறவில்லை. 1957இல் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன என்பார்கள். இன்று ஏறத்தாழ 530. தோட்டங்கள் துண்டாடப்பட்டதும் மக்கள் பட்டணங்களுக்குப் பெயர்ந்ததும் இந்தச் சரிவுக்குப் பெருங்காரணங்கள். இன்றும் பாதிக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் பகுதி உதவி பெறும் பள்ளிகளாகவே உள்ளன. அவற்றில் ஆசிரியர் சம்பளமும் மாணவர்களுக்கான மானியமும் அரசிடமிருந்து வரும். நிலமும் கட்டடமும் பெரும்பாலும் சமூகத்தின் பொறுப்பு.

எங்கள் பள்ளியும் அப்படிப்பட்டதே. பினாங்குத் தீவிலிருந்து எங்கள் பக்கத்துப் பத்து காவான் என்ற ஊரில் வந்து இறங்கும் இரண்டாம் பாலம் 2014இல் திறக்கப்பட்ட பிறகு எங்கள் வட்டாரத்தில் நிலத்தின் மதிப்பு வேகமாக உயர்ந்தது. செம்பனை நின்ற இடங்களில் வீடமைப்புத் திட்டங்களின் விளம்பரப் பலகைகள் எழுந்தன. எங்கள் தோட்டமும் கைமாறியது. புதிய உரிமையாளரான மேம்பாட்டு நிறுவனம் தயாரித்த வரைபடத்தில் பள்ளி இருந்த இடம் ஒரு சாலையாகவும் கடைவீடுகளாகவும் காட்டப்பட்டிருந்தது. பள்ளிக்கு ஓரத்தில் ஒரு துண்டு நிலம் ஒதுக்கியிருந்தார்கள்; அதில் கட்டடம் எழுப்பினால் சபைகூடலுக்குக்கூட இடம் மிஞ்சாது.

பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் தலைவர் உடனே நிறுவனத்திற்குக் கடிதம் எழுதினார். நல்ல மனிதர், கவலையோடு எழுதினார். நில விவகாரத்தில் சங்கத்திற்கு எந்த நிலைப்பாடும் இல்லை என்று ஒரே பத்தியில் பதில் வந்தது. தலைமையாசிரியர், தாம் அரசு ஊழியர் என்பதால் நில உரிமையாளரோடு பேரம் பேச இயலாது என்றார், அதுவும் நியாயமே. வாரியம் பேசட்டும் என்று பார்த்தால், வாரியம் பெயரளவில்கூட இல்லை. பழைய தலைவர் காலமாகியிருந்தார். உறுப்பினர் பட்டியல் நெடுங்காலமாகப் புதுப்பிக்கப்படவே இல்லை. பள்ளியின் சார்பில் கையெழுத்திடச் சட்டப்படி தகுதியுள்ள ஒருவரும் அன்று இல்லை என்பதே உண்மை. இதை இங்கே எழுதும்போதும் எனக்கு மனம் பதறுகிறது.

வாரியத்தை மீண்டும் அமைக்கும் வேலையை முன்னாள் மாணவர்களாகிய நாங்கள் சிலர் எடுத்துக்கொண்டோம். என் தந்தையும் நானும் அதே பள்ளியில் படித்தவர்கள். முன்னாள் மாணவர்களின் கூட்டத்தைக் கூட்டி, பேராளர்களைத் தேர்ந்தெடுத்து, பெயர்ப் பட்டியலை மாநிலக் கல்வி இலாகாவிடம் ஒப்படைத்து, முறையான அங்கீகாரம் பெற்றோம். அதுவே எளிதாக இருக்கவில்லை. அதன் பிறகு ஆவணங்களைத் தேடினோம். தோட்டத்தின் பழைய கிராணியாருடைய (அலுவலக எழுத்தருடைய) மகளின் வீட்டில், ஒரு தகரப் பெட்டிக்குள், முன்னாள் தோட்ட நிர்வாகம் பள்ளிக்கென்று மூன்று ஏக்கரை ஒதுக்கியதாகக் குறிப்பிடும் கடிதம் ஒன்றும், அதனுடன் இணைத்த அளவை வரைபடத்தின் நகலும் கிடைத்தன. அந்தக் கடிதம் மட்டுமே சட்டப்படி நிலவுரிமையைத் தந்துவிடாது என்று வழக்கறிஞர் தெளிவாகச் சொன்னார். ஆனாலும் பேச்சுவார்த்தை மேசையில் வைப்பதற்கு எங்களுக்கு அது ஒன்றாவது இருந்தது.

இனி வருவது உங்களைப் போன்றவர்களுக்குப் பயன்படக்கூடிய பகுதி என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். மேம்பாட்டு நிறுவனத்திற்குத் திட்டமிடல் அனுமதி வேண்டும். அந்த அனுமதி கிடைக்கும்வரைதான் பள்ளியின் குரலுக்கு மதிப்பு. அனுமதி கிடைத்து வீடுகளும் விற்பனைக்கு வந்துவிட்டால் வரைபடத்தை மாற்ற யாரும் முன்வர மாட்டார்கள். ஆகவே வாரியத்தின் முத்திரையோடு நகராண்மைக் கழகத்திற்கும், மாவட்ட நில அலுவலகத்திற்கும், சட்டமன்ற உறுப்பினருக்கும், கல்வி இலாகாவுக்கும் ஒரே நாளில் ஒரே கடிதத்தை அனுப்பினோம். பள்ளி மனையை மூன்று ஏக்கராகக் குறித்த பிறகே அனுமதி வழங்க வேண்டும் என்பது எங்கள் கோரிக்கை. நிறுவனத்தின் அதிகாரிகள் முதலில் எங்களைச் சந்திக்கவே மறுத்தார்கள். பிறகு சந்தித்தார்கள், சந்தித்தபோது, நாற்காலியில் அமரச் சொல்வதற்கு முன்பே நீங்கள் யார் சார்பில் வந்திருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். இம்முறை எங்கள் தலைவர் வாரியத்தின் அங்கீகாரக் கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தார். பேச்சின் போக்கு அந்த இடத்தில்தான் மாறியது.

இறுதியில் மூன்று ஏக்கருக்குச் சற்றுக் குறைவான நிலம் கிடைத்தது. கிடைத்த அன்றே வேலை முடிந்துவிட்டது என்று பலர் நினைத்தார்கள். நிலத்தை அளந்து பிரித்துத் தனிப்பட்டா எடுக்க வேண்டும். 14ஏ படிவத்தில் பெயர்மாற்றம் நடக்க வேண்டும். பட்டாவில் விவசாயம் என்றிருக்கும் நிபந்தனையைக் கட்டட நிலமாக மாற்ற வேண்டும், அதற்குரிய கட்டணத்தைச் செலுத்த வேண்டும். இவ்வளவும் முடியாமல் கட்டடப் பணியைத் தொடங்க முடியாது. நில உரிமையாளரின் கையெழுத்து இல்லாமல் கட்டட வரைபடம் ஏற்கப்படாது. பள்ளிக்கு மானியம் ஒதுக்கியும் கட்டடம் எழவில்லையே என்று பல ஊர்களில் மக்கள் கொதிப்பதைக் கேட்டிருக்கிறேன். அத்தகைய இடங்களில் முதலில் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள்.

பட்டாவை யார் பெயரில் எடுப்பது என்பதில் எங்களுக்குள்ளேயே கடுமையான விவாதம் நடந்தது. மத்திய அரசின் சார்பில் நிலங்களை வைத்திருக்கும் கூட்டரசு நில ஆணையர் பெயருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டால் பள்ளி முழு அரசுப் பள்ளியாகலாம், கட்டடமும் பராமரிப்பும் அரசின் பொறுப்பாகும் என்றார்கள் ஒரு சாரார். நிலத்தைக் கொடுத்துவிட்டால் நாளை மாணவர் எண்ணிக்கை குறையும்போது அந்த நிலத்தைப் பற்றிப் பேசும் உரிமை நமக்கு இருக்காது என்றார்கள் மற்றவர்கள். நான் இரண்டாம் சாராரின் பக்கம் நின்றேன், இன்றும் நிற்கிறேன். மாணவர் எண்ணிக்கை 150 அல்லது அதற்கும் குறைவாக இருந்தால் பள்ளி குறைந்த மாணவர் பள்ளி என்ற பட்டியலில் சேர்ந்துவிடுகிறது. அத்தகைய பள்ளிக்குச் சொந்த நிலம் இருப்பது பேரம் பேசும் வலிமை. ஆனால் வசதியற்ற சிறு ஊர்ப் பள்ளி ஒன்று வேறு முடிவெடுத்தால் அதை நான் குறை சொல்ல மாட்டேன். அறங்காவலர் பெயரில் பட்டா இருப்பதிலும் ஆபத்து உண்டு. அறங்காவலர்கள் ஒவ்வொருவராக மறைந்து, மாற்றுப் பெயர்கள் பதியப்படாமல் போனால், பட்டா இருந்தும் பயன்படுத்த முடியாத நிலை வரும்.

நிலம் தவிர வாரியம் வேறு எதுவும் செய்வதில்லையா என்று கேட்பீர்கள். செய்கிறது. பள்ளி வளாகத்திலேயே பாலர் பள்ளி நடத்துவது முதலாம் ஆண்டுச் சேர்க்கையை உறுதிப்படுத்தும். தோட்டத்தை விட்டு அடுக்குமாடி வீடுகளுக்குப் போய்விட்ட குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் பேருந்துக் கட்டணத்தில் ஒரு பங்கை எங்கள் வாரியம் ஏற்றது. அதை நிறுத்தினால் அவர்கள் அருகிலுள்ள வேறு பள்ளிக்குப் போய்விடுவார்கள். ஆறாம் ஆண்டு மாணவர்கள் எழுதிவந்த யூ.பி.எஸ்.ஆர். என்ற அரசுத் தேர்வு 2021இல் அகற்றப்பட்ட பிறகு, அதற்காக நடத்திவந்த மாலை வகுப்புகளை நிறுத்தி, அந்தப் பணத்தை முதல் மூன்று ஆண்டுப் பிள்ளைகளின் வாசிப்புக்குத் திருப்பினோம். சில பெற்றோருக்கு அது பிடிக்கவில்லை. இரண்டாம் ஆண்டில் எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளையை ஆறாம் ஆண்டில் எந்த மாலை வகுப்பும் மீட்காது என்பது எங்கள் ஆசிரியர்களின் அனுபவம். அவர்கள் சொன்னதை நாங்கள் ஏற்றோம். வகுப்பறைக்குள் என்ன கற்பிக்க வேண்டும், எந்த ஆசிரியர் எந்த வகுப்புக்குப் போக வேண்டும் என்பனவற்றில் வாரியம் ஒருபோதும் தலையிடக் கூடாது. தலையிட்டால் தலைமையாசிரியரோடு பகை வளரும், நட்டம் பிள்ளைகளுக்கு.

இதைப் படிக்கும் சிலர், வரி செலுத்தும் குடிமக்களின் பிள்ளைகளுக்குப் பள்ளி கட்டுவது அரசின் கடமை, அதை வாரியங்கள் தம் தலையில் போட்டுக்கொள்வதால்தான் அரசு கைகழுவுகிறது என்று எழுதுவார்கள். கடமை அரசினுடையது என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்தக் கடமையைக் கேட்டுப் பெறுவதற்கும் ஒரு முகவரி வேண்டும். முத்திரையும் பட்டியலும் இல்லாத கூட்டத்திற்கு எந்த அலுவலகமும் பதில் எழுதாது. வாரியத்தில் இருப்பவர்கள் தம் பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பினார்களா என்றும் கேட்பார்கள். என் இரு பிள்ளைகளும் அங்கேதான் படித்தார்கள். அனுப்பாதவர்களும் வாரியத்தில் உண்டு, அவர்களில் நேர்மையாக உழைத்தவர்களையும் நான் அறிவேன்.

என்னை வருத்துவது வேறொன்று. அட்டையில் அச்சடித்த பெரிய காசோலையோடு படமெடுக்கும் நாளில் வாரியத்தில் இடமில்லாமல் கூட்டம் நெரிகிறது. நில அலுவலகத்தில் எண் வாங்கிக்கொண்டு காத்திருக்கும் நாளில் செயலாளரும் பொருளாளரும் மட்டுமே இருக்கிறோம். சில வாரியங்களில் ஒரே குடும்பம் பதவியைப் பிடித்துவைத்திருக்கிறது, இளையோரை உள்ளே விடுவதில்லை. எங்கள் வாரியம் அப்படி ஆளற்றுப் போனதற்கும் இதுவே காரணம்: பழையவர்கள் புதியவர்களைச் சேர்க்கவில்லை, பிறகு பழையவர்களும் இல்லை. உங்களைப் போன்ற இளம் பெற்றோரை ஒரு வாரியம் தானே முன்வந்து அழைத்திருக்கிறதென்றால், அது நல்ல வாரியம் என்பதற்கு ஓர் அறிகுறி. ஆகவே சேருங்கள்.

சேர்ந்ததும் முதல் கூட்டத்திலேயே மேலாண்மை ஆவணத்தையும், நடப்பு உறுப்பினர்களின் அங்கீகாரக் கடிதத்தையும், தணிக்கை செய்யப்பட்ட கணக்கையும் காட்டச் சொல்லுங்கள். வாரியத்தின் கணக்கு, பள்ளியின் அரசுக் கணக்கிலிருந்தும் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கணக்கிலிருந்தும் தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். வீடு வீடாகவோ தெருவிலோ நன்கொடை திரட்டுவதாக இருந்தால் 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் காவல்துறையின் உரிமம் வேண்டும். பெரிய நிறுவனங்களிடம் கேட்பதாக இருந்தால் வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவின்கீழ் வரிவிலக்குக்கு விண்ணப்பித்திருக்கிறார்களா என்று விசாரியுங்கள். அது இருந்தால் கொடுப்பவர்களின் கை தாராளமாக நீளும். பிறகு பட்டாவின் நகலையும் இந்த ஆண்டு நிலவரி செலுத்திய ரசீதையும் கேளுங்கள். நிலவரி பாக்கியானால் 6ஏ படிவத்தில் அறிவிப்பு வரும், அதையும் கவனிக்காவிட்டால் நிலம் மாநில அரசுக்கே போய்விடலாம். அந்த அறிவிப்பு எந்த முகவரிக்கு அனுப்பப்படும் என்று நில அலுவலகத்தில் கேட்டு, இறந்துபோன பழைய தலைவரின் வீட்டு முகவரி அங்கே பதிவாகியிருந்தால் அதே நாளில் மாற்றிவிடுங்கள்.