சைக்கிளில் போகும்போது வரும் கோபம் இதயத்தைப் பாதிக்குமா?

கேள்வி: எனக்கு வயது 47. மூன்று ஆண்டுகளாக அலுவலகத்துக்குச் சைக்கிளில்தான் போய்வருகிறேன். எடை குறைந்தது, படியேறினால் மூச்சு வாங்குவது நின்றது. போன ஆண்டு, நின்றிருந்த காரின் கதவை ஒருவர் சட்டென்று திறந்ததில் அடிபட்டுக் காறை எலும்பு முறிந்தது. எலும்பு சேர்ந்துவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு, என்னை உரசிக்கொண்டு போகும் காரைப் பார்த்தாலே எனக்குள் வேறோர் ஆள் எழுந்துவிடுகிறான். சென்ற மாதம் அப்படி ஒட்டிக் கடந்த காரை அடுத்த சிக்னல்வரை துரத்திப்போய் அதன் கூரையில் ஓங்கித் தட்டினேன். ஓட்டியவர் இறங்கி வந்தார். கைகலப்பாகும் முன் சுற்றியிருந்தவர்கள் விலக்கிவிட்டார்கள். அப்போது நெஞ்சில் ஓர் இறுக்கம் வந்து, பத்து நிமிடம்போல இருந்தது. அதற்குப் பிறகும் இரண்டு முறை, வாய்ச்சண்டை முடிந்ததும் அதே இறுக்கம். ஹெல்மெட் கேமராவில் பதிவானதை இரவில் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன், தூக்கம் பிடிப்பதில்லை. ஒருமுறை பார்த்ததில் ரத்த அழுத்தம் 152/96. சைக்கிளை விட்டுவிடுங்கள் என்கிறார் மனைவி. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: கார் எடுத்துப்போகும் நாட்களில், முன்னால் மெதுவாகப் போகிற சைக்கிளைக் கண்டால் எனக்கே எரிச்சல் வருகிறது. இது இதயத்தில் கோளாறா, மனத்தில் கோளாறா? கோபத்துக்கு மாத்திரை உண்டா? சைக்கிளை விட்டுத்தான் ஆகவேண்டுமா?

பதில்: மற்றதெல்லாம் பிறகு. முதலில் அந்த நெஞ்சு இறுக்கம். மூன்று முறை வந்திருக்கிறது, மூன்று முறையும் உழைப்பும் கோபமும் சேர்ந்த நேரத்தில். தசை இறுகியதாலோ, பதற்றத்தில் வேகவேகமாக மூச்சு விட்டதாலோ இருக்கலாம். இதயத் தமனியில் அடைப்பு இருப்பதாலும் இருக்கலாம். கடிதத்தை வைத்து இரண்டையும் என்னால் பிரித்துச் சொல்ல முடியாது, யாராலும் முடியாது. எனவே இந்த வாரமே ஓர் இதயநோய் மருத்துவரைப் பாருங்கள். ஓய்வில் எடுக்கும் ஈசிஜி சரியாக இருக்கிறது என்று மட்டும் திரும்பிவிடாதீர்கள். உழைப்பின்போது வரும் அடைப்பு வலி, ஓய்வில் எடுக்கும் ஈசிஜியில் தெரியாமலே போகலாம். எந்தச் சூழலில் வந்தது, எத்தனை நிமிடம் இருந்தது, கைக்கோ தாடைக்கோ பரவியதா, வியர்த்ததா என்பதையெல்லாம் அவரிடம் சொன்னால், டிரெட்மில் பரிசோதனையா, எக்கோவா, சிடி ஆஞ்சியோவா என்பதை அவர் முடிவு செய்வார். அதுவரை சைக்கிள் வேண்டாம். இடையில் அந்த இறுக்கம் மறுபடி வந்து, ஓய்வெடுத்தும் சில நிமிடங்களில் விடவில்லை என்றாலோ, வியர்வை, மூச்சுத்திணறல், மயக்கம் சேர்ந்தாலோ ஆம்புலன்ஸை அழையுங்கள். நீங்களே வண்டி ஓட்டிக்கொண்டு மருத்துவமனைக்குப் போகாதீர்கள்.

இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இன்டர்ஹார்ட் என்ற பெரிய ஆய்வில் 52 நாடுகளைச் சேர்ந்த, முதல்முறை மாரடைப்பு வந்த 12,000-க்கும் மேற்பட்டவர்களிடம், மாரடைப்புக்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் என்ன நடந்தது என்று கேட்டார்கள். முடிவு 2016-ல் வெளிவந்தது. கோபமோ கடும் மனக்கொந்தளிப்போ இருந்தால் மாரடைப்பு தூண்டப்படும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேல்; கடும் உடலுழைப்புக்கும் ஏறக்குறைய அதே அளவு. இரண்டும் சேர்ந்தபோது சுமார் மூன்று மடங்கு. காரில் உட்கார்ந்து கத்துகிறவருக்குக் கோபம் மட்டும்தான். மூச்சு முட்டப் பெடல் மிதித்துக்கொண்டே கோபப்படுகிற உங்களுக்கு இரண்டும் ஒன்றாக வருகின்றன. ஆரோக்கியமான தமனிகள் உள்ள ஒருவருக்கு அந்த ஒரு மணி நேர ஆபத்து, மடங்காகப் பெருகினாலும், மொத்தத்தில் மிகச் சிறியது. தமனியில் ஏற்கெனவே கொழுப்புப் படிவு இருக்கிறவருக்குத்தான் அது பெரிய விஷயம். நீங்கள் இந்த இருவரில் யார் என்று தெரிந்துகொள்ளத்தான் பரிசோதனை.

இப்போது கோபத்துக்கு வருகிறேன். ரோடு ரேஜ் என்று பேச்சில் சொல்கிறோம். மருத்துவத்தில் அப்படி ஒரு நோய் கிடையாது. சிறு தூண்டலுக்குப் பொருந்தாத அளவில் அடிக்கடி வெடிக்கிற ஒரு மனநலக் கோளாறு உண்டு. ஆனால் அது சாலையில் மட்டும் நிற்காது. வீட்டிலும் வேலையிடத்திலும் தலைகாட்டும், பெரும்பாலும் இளவயதிலேயே தொடங்கிவிடும். உங்கள் கடிதம் அப்படி இல்லை. கதவில் மோதி விழுந்த நாளுக்கு முன்பு நீங்கள் இப்படி இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரியில்தான் பாதி விடை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

உங்கள் கோபத்துக்கு அடியில் இருப்பது பயம். ஒரு டன்னுக்கும் அதிகமான இரும்பு, எந்தத் தடுப்பும் இல்லாத உடம்பை ஒட்டிக் கடக்கும்போது, அது ஆபத்து என்று யோசித்து முடிவெடுக்கும் முன்பே மூளையின் ஆழத்தில் உள்ள அமிக்டலா அலறிவிடுகிறது. சிறுநீரகங்களின் மேல் இருக்கும் சுரப்பிகளிலிருந்து அட்ரினலின் பாய்கிறது. நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் எகிறுகின்றன, ரத்தத் தட்டணுக்கள் ஒட்டும் தன்மை கூடுகிறது, தசைகள் முறுக்கேறுகின்றன. அடிபடாமல் தப்பிக்க உடம்பு செய்யும் ஏற்பாடு அது. கார் கடந்து போய்விட்டது, தப்பித்தும் ஆயிற்று. ஆனால் கிளம்பிய வேகத்துக்கு வடிகால் இல்லை. அது அப்படியே அந்தக் காரின் மேல், அதை ஓட்டியவர் மேல் திரும்புகிறது. ஒருமுறை எலும்பு முறிந்த உடம்பு இதை இன்னும் சீக்கிரம், இன்னும் பலமாகச் செய்யும்.

ஆகவே சில கேள்விகள். நின்றிருக்கும் கார்களின் வரிசையைக் கடக்கும்போது உடம்பு தானாகச் சுருங்குகிறதா? கதவு திறக்கும் சத்தம் கேட்டால், சைக்கிளில் இல்லாத நேரத்திலும் தூக்கிவாரிப் போடுகிறதா? அந்த விபத்து கனவில் வருகிறதா? நடந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போகிறீர்களா? இவற்றில் சிலவற்றுக்கு ஆம் என்றால், விபத்துக்குப் பிந்தைய மன அதிர்ச்சிக் கோளாறு இருக்கிறதா என்று ஒரு மனநல மருத்துவர் பார்க்க வேண்டும். சட்டென்று சீறுவதும் தூக்கம் கெடுவதும் அதன் அறிகுறிப் பட்டியலிலேயே உள்ளவை. ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் அதைத் தானாகச் சரியாகட்டும் என்று விடக்கூடாது. அதிர்ச்சி நினைவை மையமாக வைத்துச் செய்யும் பேச்சு சிகிச்சை நன்றாகவே பலன் தருகிறது. எலும்பு முறிந்தால் கட்டுப்போட்டுக்கொள்ளத் தயங்காதவர்கள் இதற்குத் தயங்குவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

ஒட்டிக் கடப்பவர்கள் எல்லோரும் வேண்டுமென்றே செய்கிறார்களா? சிலர் செய்கிறார்கள். 2019-ல் ஆஸ்திரேலியாவில் வெளியான ஓர் ஆய்வில், கேட்கப்பட்டவர்களில் 11 சதவீதம் பேர் தாங்கள் சைக்கிள் ஓட்டுகிறவரை வேண்டுமென்றே ஒட்டிச் சென்றதுண்டு என்று ஒப்புக்கொண்டார்கள். ஆக, உங்கள் சந்தேகம் வெறும் கற்பனை இல்லை. ஆனால் பெரும்பாலான நேரங்களில் காரணம் வேறு. நம் கண் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவும் அந்தக் கணத்தில் மூளை பார்வையை அடக்கிவைக்கிறது. இடையில் இருப்பது பதிவதில்லை, பதியவில்லை என்பதும் நமக்குத் தெரிவதில்லை. சந்திப்பில் இருபுறமும் சட்டுச்சட்டென்று பார்க்கிற ஓட்டுநர், பார்த்துவிட்டேன் என்று மனதார நம்புவார்; மெலிந்த உருவமான சைக்கிள் அந்த இடைவெளியில் விழுந்திருக்கும். முன்கண்ணாடியின் இரு ஓரங்களிலும் உள்ள தூண்கள் ஒரு சைக்கிளையும் அதில் இருப்பவரையும் முழுசாக மறைக்கக்கூடியவை. இதைச் சொல்வது அவர்களுடைய கவனக்குறைவை மன்னிக்க அல்ல. கவனமாகப் பார்க்கும் பொறுப்பு அவர்களுடையதுதான். 'என்னைக் கொல்லப் பார்த்தான்' என்ற நினைப்பும் 'என்னைப் பார்க்கவில்லை' என்ற நினைப்பும் உடம்பில் ஒரே அளவு அட்ரினலினைச் சுரக்கவைப்பதில்லை, அதற்காகச் சொல்கிறேன்.

அடுத்த முறை ஒரு கார் ஒட்டிக் கடந்தால் என்ன செய்வது? துரத்தாதீர்கள். இதில் எனக்கு இரண்டாம் கருத்தே கிடையாது. காரைத் தட்டுவது, கண்ணாடியை மடக்குவது, முன்னால் போய் மறிப்பது எல்லாமே, வெறும் உடம்போடு ஓர் எந்திரத்தின் முன்னால் நின்று, அதை ஓட்டுபவர் நிதானம் இழக்கும்படி செய்வதுதான். நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் அடிபடப்போவது நீங்கள்தான். வேகத்தைக் குறையுங்கள், பாதுகாப்பான ஓரமாக நிறுத்துங்கள், ஒரு காலைத் தரையில் ஊன்றுங்கள். வண்டி எண்ணை மனதில் வாங்கிக்கொண்டால் போதும். கைகளை ஹேண்டில்பாரிலிருந்து எடுத்துத் தளர விடுங்கள். கோபத்தில் அதை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தீர்கள் என்பது அப்போதுதான் தெரியும். பிறகு மூச்சு: நான்கு எண்ணும்வரை உள்ளே இழுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக வெளியே விடுங்கள். இப்படிச் செய்தால் நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். வெளிமூச்சு நீளும்போது வேகஸ் நரம்பு வேலை செய்து இதயத் துடிப்பைக் குறைக்கிறது. மூன்று நான்கு நிமிடம் போதும். அட்ரினலின் ரத்தத்தில் நீண்ட நேரம் தங்குவதில்லை. யாராவது காரிலிருந்து இறங்கி வந்தால் பதில் பேசாமல் ஆட்கள் இருக்கும் பக்கமாக நகருங்கள்.

கோபத்தைப் பெடலில் காட்டினால் தணிந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள்; நீங்களும் நம்பலாம். 154 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து அலசி 2024-ல் வெளியிட்ட ஒரு மதிப்பீடு இதற்கு நேர்மாறாகச் சொல்கிறது. உடம்பின் கிளர்ச்சியைக் குறைக்கும் மூச்சுப் பயிற்சி, தியானம், தசைத் தளர்ச்சிப் பயிற்சி போன்றவை கோபத்தைக் குறைத்தன. கிளர்ச்சியைக் கூட்டும் செயல்கள், ஓடுவது உட்பட, மொத்தத்தில் குறைக்கவில்லை. வெறியோடு மிதிப்பது எரிகிற அடுப்பில் விசிறுவதுபோலத்தான். மனம் அமைதியாக இருக்கும்போது செய்கிற உடற்பயிற்சி வேறு, அது நல்லது.

இரவில் வீடியோ பார்ப்பதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். 2024-ல் அமெரிக்காவில் 280 ஆரோக்கியமான பெரியவர்களிடம் நடந்த ஓர் ஆய்வில், கோபமூட்டிய பழைய சம்பவம் ஒன்றை எட்டு நிமிடம் நினைத்துப் பார்த்தவர்களுக்கு ரத்தக் குழாய்கள் விரியும் திறன் குறைந்தது. அந்தப் பாதிப்பு 40 நிமிடம்வரை நீடித்தது. எதிரில் யாரும் இல்லை, காரும் இல்லை; வெறும் நினைவுதான். தூங்கப்போகும் நேரத்தில் நீங்கள் அதைத்தான் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருக்கிறீர்கள். பதிவு வேண்டுமானால் புகாருக்காக வைத்துக்கொள்ளுங்கள். புகார் கொடுப்பதை நான் ஆதரிக்கிறேன். பகலில், ஒரே தடவை பார்த்து, தேதியும் நேரமும் எழுதிக் காவல்துறையிடம் கொடுத்துவிடுங்கள். தூக்கம் குறைந்தால் மறுநாள் அமிக்டலா இன்னும் எளிதாகச் சீறும்; மறுநாள் சண்டைக்கு அது போதும். தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறதா என்று அறிய, குறட்டை பலமாக இருக்கிறதா என்று மனைவியிடம் கேட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். தைராய்டு சுரப்பு மிகுந்தாலும் படபடப்பும் எரிச்சலும் வரும். அதையும் ஒருமுறை பார்த்துவிடலாம்.

ரத்த அழுத்தத்தை ஒரே அளவீட்டை வைத்து முடிவு செய்யக்கூடாது. ஒரு வாரம், காலையும் மாலையும், ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்த பிறகு இரண்டு முறை வீட்டிலேயே அளந்து எழுதிக்கொள்ளுங்கள். முதல் நாள் கணக்கை விட்டுவிடலாம். சராசரி 135/85-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ, கோபம் தணிந்தால் அதுவும் இறங்கிவிடும் என்று காத்திருக்காமல் சிகிச்சை எடுக்க வேண்டும்.

கோபத்துக்கென்று மாத்திரை கிடையாது. பதற்றத்தைக் குறைக்கச் சிலர் எடுத்துக்கொள்ளும் அல்பிரசோலம் போன்றவை அனிச்சை வேகத்தையும் கவனத்தையும் குறைப்பவை. அதைப் போட்டுக்கொண்டு சைக்கிளோ காரோ ஓட்டுவது கோபத்தோடு ஓட்டுவதைவிட மோசம். படபடப்புக்குக் கொடுக்கும் பீட்டா பிளாக்கர்கள் சைக்கிள் மிதிக்கும்போது இதயத்துடிப்பு தேவையான அளவு உயர விடாது. ஆஸ்துமா உள்ளவர்களுக்குச் சிக்கலும் தரும். இதய மருத்துவர் வேறு காரணத்துக்காக எழுதிக்கொடுத்தால் எடுத்துக்கொள்ளுங்கள், நீங்களாக வாங்காதீர்கள்.

உங்கள் மனைவி சொல்வதை நான் புரிந்துகொள்கிறேன். ஒருமுறை எலும்பு முறிந்து வந்தவரைத் தினமும் வாசலில் நின்று வழியனுப்புவது எளிதல்ல. ஆனாலும் இதயப் பரிசோதனை சரியாக இருந்தால் சைக்கிளை விடச் சொல்ல மாட்டேன். மூன்று ஆண்டு மிதித்து உங்கள் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் நீங்கள் சேர்த்ததை எந்த மாத்திரையும் தராது. மாற்ற வேண்டியது பாதையையும் நேரத்தையும். பத்து நிமிடம் கூடினாலும் கார் குறைவான உள்தெருக்கள் வழியாகப் போங்கள். கால் மணி நேரம் முன்னதாகக் கிளம்புங்கள். அவசரம் இல்லாதவனுக்குக் கோபம் மெதுவாகத்தான் வரும். நின்றிருக்கும் கார்களிலிருந்து ஒரு கதவின் அகலம் தள்ளியே ஓட்டுங்கள்; அதனால் பின்னால் வருபவர் ஹாரன் அடித்தாலும் பரவாயில்லை.

கடைசியாக, காரில் போகும்போது வரும் அந்த எரிச்சல். அதை மறைக்காமல் எழுதியது எனக்குப் பிடித்திருந்தது. நான் மேலே சொன்ன அதே ஆஸ்திரேலிய ஆய்வில், சைக்கிள் ஓட்டாதவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் சைக்கிள் ஓட்டுபவர்களை முழு மனிதர்களாக மதிப்பிடவில்லை. தாங்களே சைக்கிள் ஓட்டுகிறவர்களிலும் சுமார் 30 சதவீதம் பேர் அப்படித்தான் மதிப்பிட்டார்கள். அதனால் உங்களுக்கு வருவது விசித்திரம் இல்லை. அடுத்த முறை அந்த எரிச்சல் கிளம்பும்போது ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 18 கிலோமீட்டரில் போகும் சைக்கிளின் பின்னால் 200 மீட்டர் போனால் 40 விநாடி. 36 கிலோமீட்டரில் அதே தூரம் 20 விநாடி. நீங்கள் இழப்பது 20 விநாடிதான், அதுவும் அடுத்த சிக்னலில் நின்றால் போய்விடும். முந்துவதற்கு ஒன்றரை மீட்டர் இடம் கிடைக்கும்வரை பின்னாலேயே வாருங்கள், ஹாரன் வேண்டாம். நிறுத்திவிட்டு இறங்கும்போது கதவை அதற்குத் தூரத்தில் உள்ள கையால் திறங்கள். உடம்பு தானாகத் திரும்பும், பின்னால் வருகிற சைக்கிள் கண்ணில் படும். வீட்டில் கார் ஓட்டும் எல்லோரிடமும் இதைச் சொல்லிவையுங்கள்.