போராட்டங்களை நேரடியாக ஒலிபரப்ப ஒரு தன்னார்வக் குழுவை எப்படி அமைப்பது? எந்த மைக் வாங்கலாம், எந்த மென்பொருள் நல்லது?

நான் சில வருடங்களாக இப்படி ஒரு குழுவில் இருக்கிறேன். பெரும்பாலும் அழைப்புகளை வாங்கி ஒலிபரப்பும் மேசைப் பக்கம், எப்போதாவது களத்தில். எந்த மைக் வாங்கலாம், எந்த மென்பொருள் நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். அதையும் சொல்கிறேன். ஆனால் நீங்கள் முதலில் தேட வேண்டியது ஓர் ஆளை. களத்திலிருந்து வரும் போனை எடுத்து, எதிர்முனையில் இருப்பவர் எவ்வளவு பதற்றத்தில் பேசினாலும், "நீங்களே பார்த்தீங்களா, யாராவது சொன்னாங்களா?" என்று பொறுமையாகக் கேட்கத் தெரிந்த ஆள்.

எங்கள் இரண்டாவது ஒலிபரப்பில் அப்படி யாரும் இல்லை. ஒருவர் அழுதுகொண்டே கூப்பிட்டு, தடியடியில் ஒருவர் இறந்துவிட்டார் என்றார். அழைப்பை அப்படியே நேரலையில் போட்டுவிட்டோம். கூட்டத்தில் பலர் எங்களைத்தான் இயர்போனில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அடுத்த சில நிமிடங்களில் ஊர்வலத்தின் பின்பகுதி ஓட ஆரம்பித்தது, குறுகலான தெரு என்பதால் விழுந்து அடிபட்டவர்கள் நிறையப் பேர். இறந்ததாகச் சொல்லப்பட்டவர் மயங்கி விழுந்திருந்தார், அவ்வளவுதான். அந்தப் பதிவை இன்றும் வைத்திருக்கிறோம். புதிதாகச் சேரும் ஒவ்வொருவருக்கும் போட்டுக் காட்டிய பிறகுதான் மைக்கைக் கொடுப்போம்.

அப்புறம் வைத்துக்கொண்ட ஏற்பாடு இது. போன் எடுப்பவர் வேறு, மைக்கில் பேசுபவர் வேறு. எந்த இடம், எத்தனை மணி, நேரில் பார்த்ததா என்ற மூன்றும் காகிதத்தில் எழுதப்பட்டு மைக் முன்னால் வரும். உயிரிழப்பு, துப்பாக்கிச்சூடு, கைது ஆகிய மூன்றுக்கும் ஒருவரையொருவர் அறியாத இரண்டு பேர் வெவ்வேறு இடத்திலிருந்து சொல்ல வேண்டும். அதுவரை "உறுதிப்படுத்தப்படாத தகவல்" என்றுகூட நாங்கள் சொல்வதில்லை, ஏனென்றால் இரைச்சலுக்கு நடுவே நிற்பவர் காதில் "உறுதிப்படுத்தப்படாத" என்பது விழாது, "இறந்தார்" மட்டும் விழும்.

இத்தாலியின் பொலோனா நகரில் 1976-ல் தொடங்கிய ரேடியோ ஆலிஸ் பற்றி அவசியம் தெரிந்துகொள்ளுங்கள். யார் தொலைபேசியில் அழைத்தாலும் வடிகட்டாமல் ஒலிபரப்பினார்கள். சாதாரண மக்களின் குரல் அப்படி வானொலியில் வருவது அன்றைக்குப் பெரிய விஷயம், எனக்கு அந்த நிலையத்தின் மேல் மிகுந்த மதிப்பு உண்டு. 1977 மார்ச் 11-ல் அந்த நகரில் ஒரு மாணவர் சுட்டுக்கொல்லப்பட்டு மோதல் வெடித்தபோது, தெருக்களில் நடப்பதை மக்கள் அழைத்துச் சொல்லச் சொல்ல அது நேரலையில் போனது. மறுநாள் போலீஸ் உள்ளே புகுந்து நிலையத்தை மூடியது, கதவை உடைப்பதையும் உள்ளே இருந்தவர்கள் மைக்கில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். மோதலை வானொலி வழியாக இயக்கினார்கள் என்பது அவர்கள் மேல் வைக்கப்பட்ட குற்றச்சாட்டு. அதனால் நாங்கள் "இந்தத் தெருவில் கண்ணீர்ப்புகை குண்டு வீசுகிறார்கள்" என்று சொல்வோம், "எல்லாரும் அந்தப் பக்கம் போங்க" என்று சொல்ல மாட்டோம். பார்த்ததைச் சொல்வது நம் வேலை. கூட்டத்தை நகர்த்துவது போராட்டத்தை நடத்துபவர்கள் வேலை. இன்னொன்று, நீங்கள் பேசுவதைப் போலீசும் கேட்டுக்கொண்டிருக்கும். காயம்பட்டவர்களை எங்கே வைத்திருக்கிறார்கள், யார் எந்த வீட்டில் தங்கியிருக்கிறார் என்பதெல்லாம் ஒருபோதும் ஒலிபரப்பில் வரக்கூடாது.

சரி, கருவிகள். இணையம் வழியாக ஒலியைக் கேட்பவர்களுக்கு அனுப்ப ஐஸ்காஸ்ட் (Icecast) என்ற இலவச சர்வர் மென்பொருள் போதும், மடிக்கணினியிலிருந்து அந்த சர்வருக்கு அனுப்ப 'பட்' (BUTT) என்ற சிறிய செயலி இருக்கிறது. பேச்சுக்கு 64 கேபிபிஎஸ் (kbps, அதாவது விநாடிக்கு எவ்வளவு தரவு போகிறது என்ற அளவு) தாராளம். கேட்பவருக்கு மணிக்கு ஏறக்குறைய 29 எம்பி டேட்டா செலவாகும். ஒரே நேரத்தில் 500 பேர் கேட்டால் சர்வரிலிருந்து 32 எம்பிபிஎஸ் (Mbps, ஒரு எம்பிபிஎஸ் என்பது 1000 கேபிபிஎஸ்) வெளியே போக வேண்டும், இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு சர்வர் வாடகைக்கு எடுங்கள். ஓபஸ் (Opus) என்ற ஒலி வடிவத்தில் 24 கேபிபிஎஸ்ஸிலேயே பேச்சு தெளிவாக இருக்கும் என்பதால் மெதுவான இணைப்பு உள்ளவர்களுக்கு இரண்டாவது ஸ்ட்ரீம் ஒன்றும் வைக்கலாம். எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் ஆசை வரும். ஏறக்குறைய எல்லா நாடுகளிலும் அதற்கு உரிமம் வேண்டும், வழக்கறிஞரிடம் கேட்காமல் தொடாதீர்கள்.

பெரிய கூட்டத்தில் மொபைல் டேட்டா முதலில் படுத்துவிடும். அதனால் களத்திலிருந்து நேரடி ஸ்ட்ரீமை நம்பாதீர்கள். சாதாரண போன் அழைப்பு, அதுவும் கிடைக்காவிட்டால் 40 விநாடி குரல் பதிவு. அது வரிசையில் காத்திருந்து எப்படியாவது வந்து சேர்ந்துவிடும். ஒலிபெருக்கிக்கு முதுகைக் காட்டி, இயர்போன் மைக்கை வாயருகே பிடித்துப் பேசச் சொல்லுங்கள். காற்று அடித்தால் மேலே ஒரு மெல்லிய துணி. போனுக்குக் கைரேகைப் பூட்டு வேண்டாம், நீளமான கடவுச்சொல் வையுங்கள்.

சர்வர் கடவுச்சொல் இரண்டு வெவ்வேறு வீடுகளில் இருப்பவர்களிடம் இருக்கட்டும். மெக்சிகோவின் வஹாக்கா நகரில் 2006 ஜூன் 14 அதிகாலை போலீஸ் புகுந்து போராடிய ஆசிரியர்களின் ரேடியோ பிளாந்தோன் என்ற வானொலியின் கருவிகளை நொறுக்கியது. மாணவர்கள் பல்கலைக்கழக வானொலியை எடுத்துக்கொண்டதால்தான் குரல் நிற்கவில்லை. அப்படி ஒரு மாற்று ஏற்பாட்டுக்கு உங்களுக்கு இன்னொரு மடிக்கணினியும் இன்னொரு இணைய இணைப்பும் போதும்.

கேமராவைக் கண்டதும் விலகிப் போகும் ஒரு துப்புரவுத் தொழிலாளியோ கடை ஊழியரோ ஒலி மட்டும் என்றால் மனம் திறந்து பேசுவார். எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்தது இதுதான். ஆனால் தெரிந்தவர்களுக்குக் குரலும் ஓர் அடையாளம்தான். நேரலையா, பதிவா என்பதைச் சொல்லிவிட்டு அனுமதி கேளுங்கள், பெயர் கேட்காதீர்கள்.

ஒருவர் மேசையில் நான்கு மணி நேரத்துக்கு மேல் உட்காரக்கூடாது. களைத்த ஆள்தான் சரிபார்க்காமல் விடுவார். இடைவெளியில் போட, கைதானால் என்ன உரிமை என்று ஒரு வழக்கறிஞர் பேசிய பதிவு போன்றவற்றை முன்பே தயார் செய்து வையுங்கள். முழு ஒலிபரப்பும் பதிவாகட்டும், எந்த நேரத்தில் என்ன வந்தது என்று ஒருவர் எழுதிக்கொண்டே இருக்கட்டும். பின்னாளில் வழக்கு என்று வந்தபோது எங்கள் குறிப்புகளைத்தான் எல்லோரும் தேடி வந்தார்கள்.

போராட்ட நாளுக்காகக் காத்திருக்காமல் இந்த வாரமே ஒத்திகை பாருங்கள். நெரிசலான ஒரு தெருவுக்கு மூன்று பேரை அனுப்பி இரண்டு மணி நேரம் ஒலிபரப்புங்கள். ஒருவரிடம் மட்டும் ரகசியமாக ஒரு பொய்ச் செய்தி சொல்லச் சொல்லுங்கள். அது மைக் வரை வந்துவிட்டால், அடுத்த வாரம் இன்னொரு ஒத்திகை வையுங்கள்.